வராதவர்கள் நோட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அட்டையில் 'வராதவர்கள்' என்று நானே எழுதி ஒட்டியது. சுகர், பிரஷர் மாத்திரை வாங்க மாதாமாதம் வர வேண்டியவர்களில் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் காணாமல் போகிறவர்களின் பெயர் அதில் ஏறும். கம்ப்யூட்டரிலும் பதிவு உண்டுதான், ஆனால் கையால் எழுதினால்தான் ஆளின் முகம் எனக்கு ஞாபகம் வரும். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவில் 11 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். இதில் வருகிறவர்களின் வயது, தொழில், சின்ன அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவர்கள் என்னிடம் சொன்னது ஊருக்காகச் சொன்னது இல்லை.

ரொம்ப காலம் அந்த நோட்டை நான் கோபத்தோடுதான் பார்த்தேன். இலவச மாத்திரை, இலவசப் பரிசோதனை, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்லை, அப்படியும் வராமல் இருக்கிறார்கள் என்றால் அலட்சியம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று நினைத்தேன். வந்தவுடன் திட்டுவேன். சத்தமாகத் திட்டினால்தான் வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கும் உறைக்கும் என்று எனக்கு முன்னால் இருந்த அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார், நானும் அதைத் தொழில் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்படி நான் திட்டிய ஒரு அண்ணனுக்கு அப்போது 44 வயது இருக்கும். செங்கல் காளவாசலில் லோடு ஏற்றுகிற வேலை. வெறும் வயிற்றில் சுகர் பார்த்தால் எப்போதும் 280, 300 என்றே நிற்கும். மெட்ஃபார்மின் கூட்டியாயிற்று, இன்னொரு மாத்திரையும் சேர்த்தாயிற்று, இறங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவர் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் பாதி பிரித்தபடி எட்டிப் பார்க்கிறது. எனக்கு வந்த கோபத்தில், "பிஸ்கட்ட தின்னுபுட்டு வந்து வெறும் வயிறுன்னு பொய் சொல்றீங்களா, வெக்கமா இல்ல? உங்களுக்கு மாத்திரை குடுக்குறதே வேஸ்ட்டு" என்று கத்திவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு இப்போதும் கண்ணில் இருக்கிறது. அது பெரிய ஆள் நிற்கிற நிற்பு இல்லை. அடி விழப்போகிறது என்று தெரிந்த சின்னப் பையன் நிற்கிற மாதிரி. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

அவர் பெயர் நோட்டில் ஏறியது. ஏழு மாதம் அப்படியே கிடந்தது.

திரும்ப வந்தபோது வலது காலில் துணி சுற்றியிருந்தார். பிரித்துப் பார்த்தால் சுண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. மதுரைக்கு அனுப்பி வைத்தோம், அங்கே அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது நடக்கும் என்று எனக்குத் தெரியும், பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் என் வாய்க்கும் பங்கு உண்டு என்பதை நான் யாரிடமும் தள்ளிவிட முடியாது.

புண் ஆறிய பிறகு ஒரு நாள் மதியம் வந்தார். கூட்டம் இல்லை. சுகர் பார்க்க எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவார். அன்றைக்கு அதில் செங்கல் விழுந்து கட்டுப் போட்டிருந்ததால் வேறு வழியில்லாமல் வலது கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து விரல் மொளி வரைக்கும் தோல் வழவழவென்று, உருகிய பிளாஸ்டிக் தாள் திரும்ப இறுகின மாதிரி, ரோமமே இல்லாமல் பளபளத்தது. நடுவில் இரண்டு விரலுக்கு இடையே ஜவ்வு போல ஒட்டியிருந்தது. அதுவரைக்கும் எத்தனை தடவை அவர் விரலைக் குத்தியிருப்பேன், இந்தக் கையை நான் பார்த்ததே இல்லை.

"இது என்னாங்கண்ணே?"

"சட்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முறுக்குக் கம்பெனி" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். உசிலம்பட்டி, தேனி வட்டாரத்தில் வானம் பார்த்த பூமி காய்கிற வருடங்களில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்து பன்னிரண்டு வயதுப் பையன்களை வெளி மாநிலங்களில் முறுக்கு, மிக்சர் போடுகிற பட்டறைகளுக்குக் கூட்டிப் போவார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பையன்களை மீட்டுக்கொண்டு வந்த செய்திகளை அதற்கு வெகு காலம் பிறகும் நாங்கள் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருந்தோம். இவரைக் கூட்டிப் போனபோது வயது 10. அட்வான்ஸ் 3,000 ரூபாய். மகாராஷ்டிராவில் எந்த ஊர் என்று அவருக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி மாவு பிசையவிடுவார்கள். முறுக்கு உடைந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. ஜல்லிக்கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு கையில் வைப்பார்கள். "சட்டில கை விட்டது நானா விழுந்தது இல்ல தாயி" என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. உடைந்த முறுக்கை டவுசர் பையில் ஒளித்து வைத்து, எல்லோரும் தூங்கின பிறகு தின்பாராம். இரண்டரை வருடம் அப்படி இருந்திருக்கிறார்.

அப்புறம் அவரே சொன்னார்: "இப்பவும் மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. எதையாச்சும் ரெண்டு வாய் தின்னாத்தேன் படபடப்பு அடங்குது. பையில ஒண்ணும் இல்லாமப் படுத்தா தூக்கமே வராது. அதேன் ஒரு குவார்ட்டர் போட்டுப் படுக்குறது." மூணு மணிக்குத் தின்றதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னண்டு சொல்றது? களவாணித்தனம் மாதிரி இருக்கு" என்றார்.

சின்ன வயதில் பட்ட கொடுமை பிற்காலத்தில் உடம்பில் வந்து நிற்கிற இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் படிப்பு கிடைத்தது ஒரு பயிற்சி வகுப்பில், ஒரு மனநல மருத்துவர் பேசியபோது. அமெரிக்காவில் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்று ஒரு மருத்துவர், 1980-களில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைப் பிரிவு நடத்தினார். நன்றாக எடை இறங்கிக்கொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுகிறார்கள். தோற்றவர்கள் நின்றால் சரி, ஜெயித்துக்கொண்டிருப்பவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. நின்றுபோனவர்களில் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விவரமாகக் கேட்டார். அவர்களில் ஏகப்பட்ட பேர் சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அவர்களுக்கு எடை ஒரு நோயாக இல்லை, யாரும் கிட்ட வராமல் காத்த கவசமாக இருந்திருக்கிறது. கவசம் இறங்க இறங்கப் பயம் ஏறியிருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு என் நோட்டுத்தான் ஞாபகம் வந்தது. அவரும் வராதவர்கள் பட்டியலைத்தான் பார்த்திருக்கிறார். நான் கோபப்பட்ட இடத்தில் அவர் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்கிற மருத்துவரும் சேர்ந்து, 1995-லிருந்து 1997 வரை 17,000-க்கும் அதிகமானவர்களிடம் சின்ன வயதில் நடந்ததைக் கேட்டு, அதை அவர்களின் உடல்நலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் கட்டுரை 1998-ல் வந்தது. கேட்டவை அடி, பாலியல் கொடுமை, வசை, கவனிப்பாரில்லாமல் விடப்பட்டது, வீட்டில் குடி, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தது, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனது, இப்படிப் பத்து வகை. அவர்கள் ஏழை பாழைகள் இல்லை, பெரும்பாலும் வேலையும் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தார். அப்படியும் மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றாவது நடந்திருந்தது. நாலோ அதற்கு மேலோ நடந்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இவையெல்லாம் 4-லிருந்து 12 மடங்கு வரை அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுகரும் கூடுதல்தான், அந்த அளவுக்கு இல்லை என்றாலும்.

குடி, சிகரெட், கண்டபடி தின்பது இவற்றால் உடம்பு கெடுவது ஒரு பாதி. இன்னொரு பாதியை எங்கள் ஊர் ஆட்களிடம் நான் மோட்டாரை வைத்துத்தான் சொல்வேன். ராத்திரி எப்போது மும்முனைக் கரண்ட் வருமோ தெரியாது என்று தோட்டத்து மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு வருவார்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. வறண்ட கிணற்றிலும் ஓடி ஓடி உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகிப்போகும். ஆபத்து என்றால் உடம்பும் அப்படித்தான். அட்ரினலின், கார்டிசால் சுரக்கும், பிரஷர் ஏறும், ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். பாம்பைப் பார்த்தால் அது நல்லது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தினமும் அடி விழுகிற வீட்டில், மூளை வளர்கிற வயதில், அந்த ஸ்டார்ட்டர் ஆட்டோவிலேயே நின்றுவிடுகிறது. முப்பது வருடம் கழித்து யாராவது சத்தம் போட்டால் போதும், மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் போட்ட ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 50 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எங்களிடம் வந்தால் பிரஷர் 170, 180. அம்லோடிபின் கூட்டினார்கள், அப்புறம் இன்னொன்று சேர்த்தார்கள். ஒரு நாள் குழாயடியில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல். மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கிற தன்னார்வலர் பெண் இருக்கிறார். அவர் நோட்டில் பார்த்தால் அந்த அம்மாவுக்கு வீட்டில் 110-க்கு 70. இரண்டு மூன்று மாதமாகவே அப்படி. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியைக் கண்டாலே பிரஷர் ஏறுகிற ஆட்கள் உண்டு, அது எல்லா நர்ஸுக்கும் தெரியும், ஆனால் இந்த அளவுக்கு ஏன்?

அடுத்த தடவை அவர் கையில் பட்டையைச் சுற்றும்போது முகத்தைப் பார்த்தேன். அதுவரைக்கும் மிஷினைத்தான் பார்த்திருக்கிறேன். பட்டை காற்று ஏறி மேல்கையை இறுக்குகிற அந்தச் சில நொடியில் அவர் கண்ணை இறுக மூடி, மூச்சை நிறுத்தி, இன்னொரு கையால் ஸ்டூல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். எல்லோரும் போன பிறகு மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "படிக்க வைக்கிறோம்ண்டு சொந்தக்காரங்க வீட்ல விட்டாக. எட்டு வயசு. அந்த வீட்டு ஆளு இந்தக் கையத்தேன் பிடிப்பாரு." புருஷனுக்கும் தெரியாதாம். நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார், அதுவும் மூன்று வாக்கியத்தில். தன்னார்வலர் பெண்ணிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, வீட்டுத் திண்ணையில் அந்த அம்மாவே பட்டையைச் சுற்றிக்கொள்கிறாராம். இப்போது இங்கேயும் அப்படித்தான். பட்டையும் அவரே சுற்றிக்கொள்வார், பொத்தானையும் அவரே அமுக்குவார். போன மாதம் 126-க்கு 80. டாக்டரிடம் சொல்லி ஒரு மாத்திரையை நிறுத்தியாயிற்று.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் வருகிறவர்களிடமெல்லாம் பத்துக் கேள்வியை நீட்டி மார்க் போட வேண்டாம். ஒரு வகைக்கு ஒரு மார்க் என்று கூட்டுகிற அந்த மதிப்பெண் ஊரளவில், நாட்டளவில் நிலைமையைப் பார்ப்பதற்கானது. தனி ஒரு ஆளுக்கு என்ன வரும் என்று சொல்ல அதற்குச் சக்தி இல்லை என்று ஆண்டாவே 2020-ல் எழுதினார். நாலு கொடுமையைத் தாண்டி நன்றாக இருக்கிறவர்களும் உண்டு, பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு அப்பத்தாவோ ஒரு டீச்சரோ துணைக்கு இருந்திருப்பார்கள். அதோடு எங்கள் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே வைத்து ஒருவரின் பழைய காயத்தைக் கிளறுவது இன்னொரு கொடுமை. நான் செய்வதெல்லாம் சின்னச் சின்னது. ஸ்டூலைச் சுவர் ஓரமாகப் போட்டேன், முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்காதபடி. தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுகிறேன். வராதவர் திரும்ப வந்தால் முதல் வார்த்தை "வந்துட்டீங்களா, நல்லதுண்ணே." அதற்கே சிலருக்குக் கண் கலங்குகிறது, அது எனக்குத் தாங்கவில்லை. தூக்கமில்லாதவர்களுக்கு 14416 என்கிற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். அதில் தமிழிலேயே பேசலாம்.

உசிலம்பட்டி என்றாலே வெளியூர் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். 80-களின் நடுவில் பெண் சிசுக்கொலைச் செய்தி நாடு முழுக்கப் போனதும், 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். செத்த பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள், எழுதினார்கள், பேச வேண்டியதுதான். அதே வீட்டில் மூணாவது நாள் தங்கச்சி இல்லாமல் போனதை வாசலில் நின்று பார்த்த ஏழு வயது அக்காவைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்த அக்காமார்களுக்கு இப்போது ஐம்பது வயது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் குத்தல், தூக்கமில்லை என்று எங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இருக்காது. "ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்புவோம். ஒரு அம்மா என்னிடம், "என்னைய மட்டும் ஏன் விட்டாகண்டு எங்காத்தாட்ட ஒருக்காக் கூட கேக்கல" என்றார். அவர் ஆத்தா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இதற்கு நான் என்ன மாத்திரை கொடுப்பது?

இதெல்லாம் எங்கள் வட்டாரத்துச் சங்கதி மட்டும் என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். அடி வாங்கியவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. ஒரு குழந்தைக்கு நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். இரண்டு தடவை நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் "ஊர் மானத்த வாங்கிட்டீக" என்று சண்டைக்கு வந்தார்கள். பரவாயில்லை. அந்தப் பிள்ளைகள் முப்பது வருடம் கழித்து என் மாதிரி ஒருத்தியின் ஸ்டூலில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மனதுக்கு நிறைவான ஒன்றும் உண்டு. காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் வைத்துத்தான் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கிற அக்கா ஒரு நாள் மாத்திரை வாங்க வந்தபோது, மூணாவது படிக்கிற ஒரு பையன் பொங்கலைக் கையில் உருட்டிப் பைக்குள் வைக்கிறான் என்று சொன்னார். முன்பு என்றால் நானும் சிரித்திருப்பேன். இப்போது டீச்சரிடம் போய்ச் சொன்னோம், வீட்டில் போய்ப் பார்த்தார்கள். அம்மா இல்லை, அப்பா கேரளாவுக்குக் கூலிக்குப் போனவர் வரவே இல்லை, பாட்டியும் அவனும்தான். பாட்டிக்கு வைக்கத்தான் எடுத்துப் போயிருக்கிறான். பாட்டிக்கு முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது, இன்னும் வரவில்லை.

முறுக்குக் கம்பெனி அண்ணனின் பையைக் காலி செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அந்தப் பை காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த கடலை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். மூணு மணிக்குத் தின்பதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னோம், அதற்குத் தக்கபடி மாத்திரை நேரத்தை மாற்றினார். சுகர் 180, 190-க்கு வந்திருக்கிறது. குடி நிற்கவில்லை, தினமும் என்பது வாரம் மூணு நாள் என்று ஆகியிருக்கிறது.

போன மாதம் அவர் பெயர் மறுபடி நோட்டில் ஏறியது. பயந்துபோய்ப் போன் போட்டேன். மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாராம், பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. அவரே கேட்டார், "இங்க சுகர் மாத்திரை எங்க தாயி குடுப்பாக?" பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் அட்டையைக் காட்டுங்கள், கொடுப்பார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அங்கயும் வைவாகளா?" என்றார்.

"தெரியலண்ணே. உள்ள போறதுக்கு முன்னால எனக்குப் போனைப் போட்டு அந்த சிஸ்டர்ட்ட குடுங்க. நான் பேசுறேன்" என்றேன்.